வீட்டுக்கே வரும் உயிர்வாழ் சான்று: எங்கள் தபால்காரரின் சேவை

அப்பா ரயில்வேயில் இருந்தவர். அவருக்குப் பின் அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. அது நிற்காமல் வர, ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். எண்பதைத் தாண்டியவரை ஆட்டோவில் ஏற்றி, டவுனில் உள்ள வங்கிக்கு அழைத்துப் போய்க் கூட்டத்தில் உட்கார வைத்த காலம் போய்விட்டது. சில ஆண்டுகளாக எங்கள் ஊர்த் தபால்காரரே வீட்டுக்கு வந்து அந்த வேலையை முடித்துவிடுகிறார். 2018 செப்டம்பரில் தொடங்கிய இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கியின் வழியாக நடக்கும் சேவை இது. கட்டணம் 70 ரூபாய்.

சேவை நன்றாக இருக்கிறது என்று சொல்வதைவிட, அதைச் செய்கிறவர் நன்றாகச் செய்கிறார் என்பதே சரி. அம்மாவின் விரல்கள் வயல் வேலையில் தேய்ந்தவை. சான்றுக்காக அவர் கொண்டுவரும் கருவியில் கைரேகை எளிதில் பதியாது. ஈரத்துணியால் துடைக்கச் சொல்லி, ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்ப்பார். சிக்னல் கிடைக்காவிட்டால் மறுநாள் மீண்டும் வருவார். 2021இல் ரேகைக்குப் பதிலாக முகத்தைக் காட்டினால் போதும் என்ற முகப் பதிவு முறை வந்தது பெரிய நிம்மதி. வெளிச்சம் பார்த்துத் திண்ணையில் உட்கார வைத்து, "கண்ணைச் சிமிட்டுங்கள் அம்மா" என்று பொறுமையாகச் சொல்லித்தருகிறார். அவசரம் காட்டி நான் பார்த்ததே இல்லை.

பணம் எடுப்பதும் அப்படித்தான். எந்த வங்கிக் கணக்காக இருந்தாலும், ஆதார் இணைந்திருந்தால் ரேகை வைத்து அவரிடமே பணம் வாங்கலாம். எங்கள் தெருவில் முதியோர் உதவித்தொகை பெறும் பாட்டிகளுக்கு நோட்டுகளை இரண்டு முறை எண்ணிக் கொடுப்பார். மீதி இருப்பை மட்டும் பக்கத்தில் நிற்பவர் காதில் விழாதபடி தணிந்த குரலில் சொல்வார். இதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் கற்றுத்தர முடியாது என்றே நினைக்கிறேன்.

இவ்வளவும் செய்கிறவர் கிராம அஞ்சல் ஊழியர். நாளுக்கு நான்கைந்து மணி நேர வேலை என்றுதான் கணக்கு. முழுமையான அரசு ஊழியர் தகுதியும் கிடையாது. கிளை அஞ்சலகத்துக்கான இடத்தைக்கூடக் கிளை அஞ்சல் அதிகாரியே தேடித்தர வேண்டும். இது நியாயமே இல்லை.

வெளியூரில் இருப்பவர்கள், கிராமத்தில் உள்ள பெற்றோருக்காகத் தபால்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மத்திய அரசு ஓய்வூதியர்களில் 80 வயது நிறைந்தவர்கள் அக்டோபரிலேயே சான்று கொடுக்கலாம், மற்றவர்களுக்கு நவம்பர். ஆதார் எண், ஓய்வூதிய ஆணை எண், வங்கிக் கணக்கு எண் மூன்றையும் ஒரே தாளில் எழுதி, கைபேசியையும் பக்கத்தில் வைத்திருங்கள். அவர் அடுத்த வீட்டுக்கும் போக வேண்டும்.