அலுவலகக் கணினிகளில் மென்பொருள் நிறுவ எந்தக் கணக்குக்கு எவ்வளவு உரிமை வேண்டும்?

ஐம்பது அறுபது விண்டோஸ் கணினிகள் ஒரே டொமைனில் (கணக்குகளையும் கணினிகளையும் மையமாக நிர்வகிக்கும் விண்டோஸ் குழுமம்) இணைந்திருக்கும் அலுவலகத்தில் புதிய மென்பொருள் ஒன்றை எல்லா மேசைகளுக்கும் கொண்டு சேர்க்க வேண்டி வரும்போது, எந்தக் கருவியை வாங்கலாம் என்றுதான் பெரும்பாலும் முதலில் பேச்சு எழுகிறது. அதற்கு முன்பே, அந்த வேலை எந்தக் கணக்கின் பெயரில் நடக்கும், அந்தக் கணக்கின் கடவுச்சொல் எந்தெந்தக் கணினிகளின் நினைவகத்தில் தங்கும் என்பதை முடிவு செய்தாக வேண்டும் என்பது என் கருத்து. நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன. டொமைன் முழுவதிலும் உரிமை கொண்ட டொமைன் அட்மின் கணக்கைக் கொண்டே எல்லாவற்றையும் நிறுவுவது ஒன்று. கணினிகளில் மட்டும் லோக்கல் அட்மின் உரிமை (அந்தந்தக் கணினி அளவிலான நிர்வாகி உரிமை) பெற்ற தனிக் கணக்கை உருவாக்கி அதன் வழியே நிறுவுவது மற்றொன்று. டொமைனிலிருந்து கணினிகளுக்கு விதிகளை அனுப்பும் குரூப் பாலிசி வழியாக ஒவ்வொரு கணினியும் தானே மென்பொருளை எடுத்து நிறுவிக்கொள்ளும்படி செய்வது மூன்றாவது.

உரிமை ஏன் தேவைப்படுகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரிலும் விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியின் கணினி சார்ந்த பகுதியிலும் எழுதுவதற்குச் சாதாரணப் பயனருக்கு அனுமதி கிடையாது. கூகுள் குரோம் போன்ற சில மென்பொருள்கள் பயனரின் சொந்த புரொஃபைலுக்குள் தம்மை நிறுவிக்கொள்ள முடியும் என்றாலும், அலுவலகம் முழுவதற்கும் பொதுவாக நிறுவப்படும் மென்பொருளுக்கு அது ஈடாகாது. ஊழியர் ஒவ்வொருவரையும் லோக்கல் அட்மின் ஆக்கிவிடுவதை ஒரு வழியாகவே நான் கணக்கில் எடுக்கவில்லை.

டொமைன் அட்மின் கணக்கு மிக எளிதாகக் கைகொடுப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு கணினி டொமைனில் சேரும் கணத்திலேயே டொமைன் அட்மின்ஸ் குழு அந்தக் கணினியின் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவுக்குள் தானாகச் சேர்க்கப்பட்டுவிடுவதால், உரிமைக்கென வேறெந்த அமைப்பும் செய்யாமலே, தொலைவிலிருந்து நிரல்களை இயக்கும் பிஎஸ்எக்ஸெக் போன்ற கருவி வேலை செய்யும். 445ஆம் போர்ட் வழியாக அட்மின்$ என்னும் நிர்வாகிகளுக்கான பகிர்வில் ஒரு சிறு கோப்பை இட்டு, அதைத் தொலைவிலிருந்தே ஒரு சர்வீஸாகப் பதிந்து இயக்குவதுதான் அந்தக் கருவி செய்யும் வேலை. பயனர் பெயரைத் தனியாகக் கொடுக்காமல் இயக்கினால் கடவுச்சொல் அந்தக் கணினிக்குப் போவதில்லை. ஆனால் அப்போது, நிறுவல் நிரல் அங்கிருந்து இன்னொரு சர்வரின் ஷேர் ஃபோல்டரைப் படிக்க முடியாமல் நின்றுவிடும். இந்தத் தடையைத் தாண்டத்தான் பலர் பெயரையும் கடவுச்சொல்லையும் கட்டளையிலேயே எழுதுகிறார்கள். அப்படி எழுதியவுடன் அந்தக் கணினியின் நினைவகத்தில் டொமைன் அட்மினின் அடையாளத் தரவு இடம்பெறுகிறது; அந்தக் கணினியில் ஏற்கெனவே ஊடுருவியிருப்பவர் அதை மிமிகேட்ஸ் போன்ற கருவியால் எடுத்துக்கொண்டு டொமைன் முழுவதையும் கைப்பற்றலாம். 2014இல் வந்த 2.1 பதிப்புக்கு முந்தைய பிஎஸ்எக்ஸெக் அந்தக் கடவுச்சொல்லை மறையாக்கம் செய்யாமலே நெட்வொர்க்கில் அனுப்பியது.

இதை வெறும் ஏட்டளவிலான அச்சம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2017 ஜூன் 27 அன்று உக்ரைனில் தொடங்கிப் பரவிய நாட்பெட்யா என்னும் தீநிரல், கணினிகளின் நினைவகத்திலிருந்து திருடிய கணக்குகளைக் கொண்டு, பிஎஸ்எக்ஸெக்கையும் தொலைவிலிருந்து கணினிகளை நிர்வகிக்கும் விண்டோஸின் டபிள்யூஎம்ஐ வசதியையும் பயன்படுத்தியே ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குத் தாவியது. மேர்ஸ்க் கப்பல் நிறுவனம் பத்து நாள்களில் 45,000 கணினிகளையும் 4,000 சர்வர்களையும் மீண்டும் நிறுவ வேண்டியிருந்ததாக அதன் தலைவர் அடுத்த ஆண்டு டாவோஸ் கூட்டத்தில் கூறினார். நிர்வாகி மென்பொருள் நிறுவப் பயன்படுத்தும் அதே பாதையில்தான் அந்தத் தீநிரலும் நடந்தது.

இரண்டாவது வழியில் ஆபத்தின் எல்லை சுருங்குகிறது. நிறுவலுக்கென்றே ஒரு டொமைன் கணக்கை உருவாக்கி, டொமைன் அட்மின்ஸ் குழுவில் சேர்க்காமல், குரூப் பாலிசி மூலம் ஊழியர் கணினிகளின் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவில் மட்டும் சேர்க்கலாம். இதற்குக் குரூப் பாலிசியின் ரெஸ்ட்ரிக்டட் குரூப்ஸ் வசதியைப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதில் உறுப்பினர் பட்டியலை நேரடியாக வரையறுத்தால், ஏற்கெனவே குழுவில் இருந்தவர்கள் நீக்கப்பட்டுவிடுவார்கள்; இருப்பவர்களோடு சேர்ப்பதற்கு வேறு பகுதி இருக்கிறது. இந்தக் கணக்குக்கு சர்வர்களில் எந்த உரிமையும் தரக்கூடாது. திரையின் முன் உட்கார்ந்தோ ரிமோட் டெஸ்க்டாப் வழியாகவோ உள்நுழைவதையும் தடை செய்துவிட வேண்டும். இத்தனைக்குப் பிறகும் ஒரே கடவுச்சொல் எல்லா ஊழியர் கணினிகளையும் திறக்கும் என்ற குறை நீங்குவதில்லை.

அந்தக் குறைக்கு மாற்றாக, எல்லாக் கணினிகளிலும் ஒரே கடவுச்சொல் கொண்ட லோக்கல் கணக்கை வைத்துக்கொள்வது நிலைமையை இன்னும் மோசமாக்கும். விஸ்டா காலத்திலிருந்து, உள்ளமைந்த அட்மினிஸ்ட்ரேட்டர் தவிர்த்த பிற லோக்கல் அட்மின்கள் நெட்வொர்க் வழியே வரும்போது அவர்களுடைய உரிமைகள் வடிகட்டப்படுகின்றன. நிறுவல் நடக்கவில்லையே என்று அந்த வடிகட்டலை ரெஜிஸ்ட்ரியில் அணைத்துவிடுபவர்கள், திருடருக்கும் சேர்த்தே வழியைத் திறக்கிறார்கள். அக்கணக்கின் கடவுச்சொல்லைக் குரூப் பாலிசியின் பிரிஃபரன்ஸ் என்ற பகுதியில் எழுதிவைத்த அலுவலகங்கள் இன்னும் கவலைப்பட வேண்டும்: அதைப் பூட்டிய சாவியை மைக்ரோசாஃப்டே தன் ஆவணத்தில் வெளியிட்டிருந்தது. 2014 மே மாதத் திருத்தம் புதிதாக அப்படி எழுதுவதைத் தடுத்ததே தவிர, பாலிசிகள் சேமிக்கப்படும், டொமைன் பயனர் அனைவரும் படிக்கக்கூடிய சிஸ்வால் ஃபோல்டரில் ஏற்கெனவே கிடந்த கடவுச்சொற்களை அழிக்கவில்லை. லோக்கல் கணக்கு தேவைதான் என்றால், ஒவ்வொரு கணினிக்கும் வெவ்வேறு கடவுச்சொல்லை உருவாக்கிக் குறித்த இடைவெளியில் மாற்றும் லாப்ஸ் வசதியைப் பயன்படுத்த வேண்டும். 2015இல் தனியாக வெளியான அது, 2023 ஏப்ரலிலிருந்து விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது.

மூன்றாவது வழியைத்தான் நான் பரிந்துரைக்கிறேன். விண்டோஸ் 2000 காலத்திலேயே வந்துவிட்ட இந்த முறையில், எம்எஸ்ஐ என்னும் விண்டோஸ் நிறுவல் கோப்பைக் கணினிக்கு உரியதாக ஒதுக்கிவிட்டால், கணினி துவங்கும்போது விண்டோஸே தன் வேலைகளுக்குப் பயன்படுத்தும் சிஸ்டம் கணக்கே நிறுவலைச் செய்துகொள்கிறது. மனிதர் யாருடைய கடவுச்சொல்லும் எந்தக் கணினிக்கும் போவதில்லை. தேவைப்படுவது, கோப்பு இருக்கும் ஷேர் ஃபோல்டரில், டொமைனில் கணினி ஒவ்வொன்றுக்கும் உள்ள கணினிக் கணக்குகளுக்குப் படிக்கும் உரிமை மட்டுமே. இங்கேதான் அடிக்கடி தவறு நேர்கிறது. டொமைன் யூசர்ஸ் குழுவுக்கு மட்டும் அனுமதி கொடுத்துவிட்டு, ஊழியர் கணக்கில் நுழைந்து சோதித்துப் பார்த்தால் கோப்பு திறக்கும். ஆனால் துவக்க நேரத்தில் வந்து நிற்பது அந்த ஊழியர் அல்லாமல் கணினி என்பதால் நிறுவல் தோற்கும். டொமைன் கம்ப்யூட்டர்ஸ் குழுவுக்குப் பகிர்வு நிலையிலும் என்டிஎஃப்எஸ் (கோப்பு அமைப்பு) நிலையிலும் அனுமதி தந்து, பாதையை டிரைவ் எழுத்தால் குறிக்காமல் சர்வர் பெயரோடு எழுத வேண்டும். 2016 ஜூன் திருத்தத்துக்குப் பிறகு, பயனருக்குரிய பாலிசிகளையும் கணினிக் கணக்கே படிக்கிறது என்பதால், அடையாளம் உறுதியான எல்லாக் கணக்குகளையும் குறிக்கும் ஆத்தென்டிகேட்டட் யூசர்ஸ் குழுவைப் பாலிசியிலிருந்து நீக்கியவர்கள் கணினிகளுக்குப் படிக்கும் உரிமையைத் தனியே சேர்க்க வேண்டும்.

குறைகளும் உண்டு. எம்எஸ்ஐ வடிவில் இல்லாத நிரல்களுக்குத் துவக்க ஸ்கிரிப்ட் எழுத வேண்டும். ரீஸ்டார்ட் செய்யும் வரை காத்திருக்க வேண்டும். எத்தனை கணினிகளில் நிறுவல் முடிந்தது என்ற அறிக்கையும் கிடைக்காது.

அதைவிட முக்கியமாக, இந்த முறையில் அதிகாரம் மறைந்துபோவதில்லை, இடம் மாறுகிறது. அந்த ஷேர் ஃபோல்டரில் எழுதும் உரிமை உள்ளவர் எம்எஸ்ஐ கோப்பை மாற்றி வைத்தால், அது அடுத்து நிறுவப்படும் ஒவ்வொரு கணினியிலும் சிஸ்டம் உரிமையோடு இயங்கும். பாலிசியைத் திருத்தும் உரிமை உள்ளவருக்கும் அதே வல்லமை உண்டு. ஆகவே எழுதும் உரிமையை ஓரிருவரிடம் மட்டும் விட வேண்டும். பாலிசியை உருவாக்கும் உரிமையையும் அதை ஒரு ஓயூவோடு (டொமைனில் கணினிகளையும் கணக்குகளையும் தொகுத்து வைக்கும் பிரிவு) இணைக்கும் உரிமையையும் டொமைனின் அடைவான ஆக்டிவ் டைரக்டரியில் தனித்தனியாக ஒப்படைக்க முடியும் என்பதால், அந்த ஓரிருவரும் டொமைன் அட்மினாக இருக்க வேண்டியதில்லை.

மைக்ரோசாஃப்டின் கணினி நிர்வாகக் கருவிகளான கான்ஃபிகரேஷன் மேனேஜர், இன்ட்யூன் ஆகியவையும் இந்த மூன்றாவது வழியின் குடும்பத்தைச் சேர்ந்தவையே. கணினியில் உள்ள ஏஜென்ட் சிஸ்டம் உரிமையோடு மென்பொருளைத் தானே எடுத்து நிறுவுகிறது. ஆனால் கான்ஃபிகரேஷன் மேனேஜரின் ஏஜென்டைக் கணினிகளுக்குத் தள்ளி நிறுவும் கணக்குக்கு அங்கே லோக்கல் அட்மின் உரிமை வேண்டும் என்பதால், விலக்கிய சிக்கல் பின்வாசல் வழியே திரும்ப வருகிறது. ஏஜென்டைக் குரூப் பாலிசி வழியாக நிறுவினால் அந்தக் கணக்கே தேவைப்படாது. நெட்வொர்க்கிலிருந்து நிறுவல் கோப்புகளை எடுக்க கான்ஃபிகரேஷன் மேனேஜர் பயன்படுத்தும் நெட்வொர்க் அக்சஸ் கணக்குக்குப் படிக்கும் உரிமை மட்டும் போதும்.

எம்எஸ்ஐ வடிவில் கிடைப்பவற்றைக் குரூப் பாலிசிக்கும், அவசரமாக அன்றே சேர்க்க வேண்டியவற்றைத் தனி நிறுவல் கணக்குக்கும், ஒற்றைக் கணினியில் நேரும் சிக்கலை லாப்ஸ் கடவுச்சொல்லுக்கும் ஒதுக்குவது சிறிய அலுவலகத்துக்குப் பொருந்தும். அப்படி மாறும்போது, ஊழியர் கணினிகளில் டொமைன் அட்மின் உள்நுழைவதைத் தடுக்கும் பாலிசியைக் கடைசியில்தான் இட வேண்டும். அதற்கு முன் அந்தக் கணக்கின் பெயரில் இயங்கும் ஷெட்யூல்ட் டாஸ்க்குகளையும் சர்வீஸ்களையும் கணினி கணினியாகத் தேடிக் கண்டுபிடித்து மாற்றியிருக்க வேண்டும்.