நத்தார் பரிசு: வெள்ளண வேண்டுறதோ, கடைசிக் கிழமை ஓடுறதோ?

எங்கட வீட்டில வருசா வருசம் வாற சண்டை இது. தீபாவளிச் சனம் யாழ்ப்பாண ரவுணை விட்டுக் கலைஞ்ச அடுத்த கிழமையே நான் பரிசுச் சாமான் பாக்கத் துடங்கீடுவன், இவர் டிசம்பர் 23 க்கு முன்னம் பேசைத் திறக்க மாட்டார், கேட்டா "இஞ்சேரப்பா, இன்னும் குடிலே கட்டேல்லை, அதுக்குள்ள என்ன அவசரம்" எண்டுவார். ரெண்டு மாதிரியும் செய்து ரெண்டிலயும் நட்டப்பட்டுத்தான் எனக்கு ஒண்டு விளங்கினது, வெள்ளண எண்டது எல்லாச் சாமானுக்கும் ஒரே திகதி இல்லை. ஓலைப்பெட்டிக்கு செப்ரெம்பர், றிமோட் காருக்கு நவம்பர், சப்பாத்துக்கு டிசம்பர் கடைசி. எல்லாத்தையும் ஒரே நாளில முடிக்கப் போனாத்தான் பிழைக்கிறது.

எங்கட ஆக்களைச் சொன்னாத்தான் மிச்சக் கதை விளங்கும். மூத்த மகள் இஞ்ச குருநகரிலயே, ரெண்டு பெடியள், பெரியவனுக்கு 7, சின்னவனுக்கு இன்னும் 3 ஆகேல்லை. மகன் கனடாவில ஸ்காபரோவில, ஒரு பெட்டை, 9 வயசு. கடைசி மகள் லண்டனில கைக்குழந்தையோட. இதுக்கு மேல பிள்ளையள், மருமக்கள், அவை எங்களுக்கு ஒண்டும் வேண்டாம் அம்மா எண்டுதான் சொல்லுவினம், சரியெண்டு ஒருக்கா குடுக்காமல் விட்டுப் பாருங்கோ, பிறகு தெரியும்.

முதல்ல ரவுண். எனக்கு ரவுண் எண்டா கஸ்தூரியார் வீதி, நவீன சந்தை, ஆஸ்பத்திரி வீதி, அவ்வளவுதான். நவம்பரில ஒரு செவ்வாயோ புதனோ காலமை பத்து மணிக்குப் போங்கோ, கடைத் தம்பிக்கு உங்களோட கதைக்க நேரம் இருக்கும், மேல் தட்டில கிடக்கிறதையும் ஏணி வைச்சு எடுத்துத் தருவான், பெட்டியைத் திறந்து பற்றறி போட்டு நிலத்தில ஓட விட்டுக் காட்டுவான், விலையிலயும் நூறு இருநூறு விடுவான். டிசம்பர் 20 க்குப் பிறகு இதில ஒண்டும் நடக்காது. ஒருமுறை இவரின்ர பேச்சைக் கேட்டு 23 ஆம் திகதி பின்னேரம் போய், உள்ளுக்க கால் வைக்க இடமில்லை, ஆரோ ஒரு மனுசியின்ர குடைக்கம்பி என்ர கண்ணுக்குக் கிட்ட, அப்பிடியே கை எட்டின றிமோட் கார் ஒண்டை எடுத்துக் காசைக் குடுத்துப்போட்டு வந்தம். திருப்பலி முடிஞ்சு வந்து பெரியவன் பெட்டியை உடைச்சு ஓட்டினா கார் பின்னுக்கு மட்டும் போகுது, முன்னுக்குப் போகாதாம். அவன் ரெண்டு மூண்டு தரம் அமத்திப் பாத்துப்போட்டு "அம்மம்மா, இதுக்கு வெக்கம்" எண்டான். கொண்டு போய்க் கேட்டா, பெட்டி உடைச்ச சாமான் மாத்தேலாது அம்மா எண்டு பதில். கடைக்காரனைக் குறை சொல்லி வேலையில்லை, ஓட்டிப் பாக்காமல் கொண்டந்தது நாங்கள்.

ஆனா வெள்ளண வேண்டுறதிலயும் கரைச்சல் இருக்கு, அதை மறைக்கேலாது. நவம்பர் எண்டா எங்களுக்கு மாரி, காட்போட் பெட்டி ஓட்டோவுக்குள்ள வாற வழியிலயே நனைஞ்சு பிஞ்சிடும், வீட்டில வைச்சாலும் ஈரம். பற்றறியைச் சாமானுக்குள்ள போட்டபடி ஒன்றரை மாசம் வைச்சா கசிஞ்சு உள்ளுக்க வெள்ளையாப் பூத்துப் போகும், கழட்டித் தனிய வையுங்கோ. அதோட ஒளிக்கிற பிரச்சினை. போன வருசம் அலுமாரிக்கு மேல பாய்க்குப் பின்னால வைச்சனான், சின்னவன் கதிரையில ஏறி நிண்டு "நத்தார் பாப்பா மேல இருக்கிறார்" எண்டு கத்தத் துடங்கீட்டான். பெரியவன்ர கதை வேற, ஒக்டோபரில டைனோசர் டைனோசர் எண்டு உயிரை எடுத்தவன் டிசம்பர் வர கிறிக்கெட்டுக்கு மாறீட்டான், வேண்டின டைனோசர் இப்ப தம்பியின்ர. அதால பிள்ளையின்ர ஆசையைப் பாத்து வேண்டுற சாமான் எண்டா மிச்சம் முந்தாமல் நவம்பர் கடைசி, நத்தாருக்கு ஆயத்தப்படுற திருவருகைக் காலத்தின்ர முதல் ஞாயிறுக்கு அங்கால இங்கால, அதுதான் என்ர கணக்கு.

கொழும்பு புறக்கோட்டை மலிவு எண்டு எல்லாரும் சொல்லுவினம், ஓம், மலிவுதான், ஆனா ஆருக்கு? இரவு 87 ஆம் நம்பர் பஸ்ஸில ஏறினா விடியப்புறம் கொண்டு போய் விடுவான், கடை திறக்கும் மட்டும் ரீயைக் குடிச்சுக்கொண்டு நிக்கோணும், பிறகு மெயின் ஸ்ரீற்றும் குறுக்குத் தெருக்களும் நடந்து நடந்து கால் வீங்கும். அங்க டசின் கணக்கில எடுத்தாத்தான் உண்மையான விலை. ஒருக்கா மறைக்கல்விப் பிள்ளையளுக்குக் குடுக்க எண்டு எங்கட கோயில் பங்கில இருந்து போய் மூட்டையாக் கட்டிக்கொண்டு வந்தம், அதுக்கு நல்ல லாபம். மூண்டு பேரப்பிள்ளைக்கு எண்டு போனா பஸ் காசும் சாப்பாடும் சேர இஞ்சத்த விலையைத் தாண்டீடும், 2024 ஜனவரியில வற் வரி 15 இல இருந்து 18 வீதமாப் போனது அங்கத்த பில்லிலயும் இருக்குத்தானே. இன்னுமொண்டு, டிசம்பருக்கெண்டு பயணத்தை விட்டு வைக்கிறது சூதாட்டம். 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் அடிச்சு றோட்டும் தண்டவாளமும் கனக்க இடத்தில உடைஞ்சுபோச்சு, அந்தக் கிழமை ஆருக்கும் பரிசு நினைப்பு வரேல்லை, வந்திருந்தாலும் போயிருக்கேலாது. புறக்கோட்டை எண்டா ஒக்டோபருக்குள்ள, இல்லாட்டி விடுங்கோ.

ஒன்லைன் பற்றி எனக்கு ரெண்டு மனம். நவம்பர் 11, டிசம்பர் 12 ஆம் திகதியளில 11.11, 12.12 எண்டு மலிவு விடுவினம், மகள் போனில காட்டுவாள். இந்த ரெண்டில எது எண்டு கேட்டா கண்ணை மூடிக்கொண்டு 11.11 எண்டுதான் சொல்லுவன், ஏனெண்டா 12.12 க்கு ஓடர் பண்ணினா நத்தாருக்கு 13 நாள்தான், வந்த சாமான் பிழையெண்டா திருப்பி அனுப்பி மற்றது வர நேரம் காணாது. படத்தை நம்பாதையுங்கோ, அளவை வாசியுங்கோ. நான் ஒருக்கா போனில வந்த விளம்பரம் ஒண்டை அமத்தி சமையல் செற் ஒண்டு எடுத்தனான், படத்தில ஒரு பிள்ளை அதுக்கு முன்னால நிண்டு சமைக்குது, வந்த பெட்டியை நான் ஒரு கையால வேண்டினன், உள்ளுக்க சட்டி என்ர பெருவிரல் அளவு. கீழ சின்ன எழுத்தில 12 சென்ரிமீற்றர் எண்டு போட்டுத்தான் இருந்திருக்கு. அண்டையில இருந்து அடிமட்டத்தை மேசையில வைச்சுக்கொண்டுதான் ஒன்லைன் பாக்கிறது. புத்தகம், கலர் பென்சில், பலகை விளையாட்டு மாதிரி அளவால பிழைக்காத சாமானுக்கு ஒன்லைன் நல்லம், ஓடுறதுக்கும் கத்துறதுக்கும் உடுப்புக்கும் வேண்டாம். தமிழ்ப் புத்தகத்துக்கு எண்டா அதுவும் தேவையில்லை, ரவுணில பூபாலசிங்கம் புத்தகக்கடையில நிண்டு பிரிச்சு வாசிச்சுப் பாத்தே வேண்டலாம்.

பற்றறி எண்டோடன இன்னுமொரு கதை. 90 களில பொருளாதாரத் தடை எண்டு இஞ்ச பற்றறியே வரேலாது, சயிக்கிளைக் கவிட்டு வைச்சு ஒராள் பெடலைச் சுத்த டைனமோவில றேடியோ கேட்ட ஊர் இது, மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்க ஜாம் போத்தல் விளக்கு. இப்ப என்ர பேரன்ர ஜீப் ஒண்டு ஒரு பின்னேரத்தில நாலு பற்றறி தின்னுது. அது போகட்டும், நான் சொல்ல வந்தது சின்னப் பட்டன் பற்றறி. 3 வயசுக்குக் குறைஞ்ச பிள்ளை உள்ள வீட்டுக்கு அது போட்ட சாமான் எண்டா மூடி ஸ்குரூ போட்டுப் பூட்டியிருக்கோ எண்டு பாருங்கோ, விழுங்கித் தொண்டையில நிண்டா ரெண்டு மணித்தியாலத்துக்குள்ளயே உள்ளுக்க எரிச்சுப் புண்ணாக்கும். பெட்டியில வட்டத்துக்குள்ள பிள்ளையின்ர முகம் கீறி 0-3 எண்டு குறுக்கால வெட்டியிருந்தா அதை 3 வயசுக்குக் குறைஞ்ச பிள்ளைக்குக் குடுக்கக் கூடாது எண்டு அர்த்தம், விலை எவ்வளவு மலிவெண்டாலும் வைச்சிட்டு வாங்கோ.

இனி வெளிநாட்டுப் பேரப்பிள்ளையள், இதிலதான் நான் கனக்கக் காசு விட்டனான். கூரியரோ, தபாலோ, போறாக்களிட்டக் குடுத்து விடுறதோ, இல்லாட்டி காசாப் போடுறதோ?

கூரியரில தெரியாமல் போய் மாட்டுறது எதில எண்டா, அவை பாரத்தை மட்டும் பாக்கிறேல்லை, பெட்டியின்ர அளவையும் பாக்கினம். நீளம், அகலம், உயரம் மூண்டையும் சென்ரிமீற்றரில பெருக்கி 5000 ஆல பிரிச்சு வாறதைக் கிலோவா எடுப்பினம், உண்மையான பாரத்தில இருந்து எது கூடவோ அதுக்குத்தான் காசு. நான் கனடாப் பேத்திக்கு ஒரு கரடிப் பொம்மை கொண்டு போனனான், ஒரு கிலோவும் வராது. பெட்டி 40 க்கு 30 க்கு 30, பெருக்கினா 36,000, பிரிச்சா 7.2 கிலோ. கவுண்டரில நிண்ட பிள்ளை கல்குலேற்றரைத் திருப்பிக் காட்டேக்க எனக்குத் தலை சுத்தினது, கரடியைக் கக்கத்துக்குள்ள வைச்சுக்கொண்டு திரும்பி பஸ்ஸில வந்தனான், பஸ் முழுக்க என்னைத்தான் பாத்தது. அது இப்ப சின்னவன்ர தலகாணி.

தபாலில சின்னப் பொதி எண்டா 2 கிலோவுக்குள்ள, காசும் குறைவு, ஆனா நாள் எடுக்கும், அதுக்குத்தான் ஒக்டோபர் எண்டிறன். 2024 இல நவம்பர் 15 இல இருந்து டிசம்பர் 17 மட்டும் கனடாவில தபால் ஊழியர் வேலைநிறுத்தம், சரியா நத்தார் பொதியள் போற நேரம். நான் ஒக்டோபர் முதல் கிழமையே போட்டபடியாத் தப்பினனான். பொதியில பரிசு எண்டும், உள்ளுக்க என்ன, பெறுமதி எவ்வளவு எண்டும் உள்ளதை எழுதுங்கோ. கனடாவுக்கு ஒராளுக்கு அனுப்புற பரிசு 60 கனடா டொலருக்குள்ள எண்டா வரி இல்லை, லண்டனுக்கு 39 பவுண்ஸ். நாங்கள் இஞ்ச வேண்டுற சாமான் அதுக்குள்ளதான் நிக்கும். போறாக்களிட்டக் குடுக்கிறது இதைவிட நல்லம் எண்டு நினைப்பியள், ஆனா டிசம்பரில எல்லாரும் அங்க இருந்து இஞ்சதானே வருவினம், இஞ்ச இருந்து போறவை ஜனவரியில, அப்ப நத்தார் முடிஞ்சு வாற மூண்டு இராசாக்கள் திருநாளுக்குத்தான் போய்ச் சேரும்.

என்ன அனுப்புறது எண்டதிலதான் முழு வித்தியாசமும். பிளாஸ்ரிக் சாமான் அங்க எங்களைவிட மலிவா மலை மாதிரிக் கிடக்கு, அதை இஞ்ச வேண்டி அனுப்புறது கடலுக்கு உப்புக் கொண்டு போற கதை. போன வருசம் ஓலை பின்னுற அக்கா ஒராளிட்டச் சொல்லி, சிவப்பும் பச்சையும் சாயம் போட்ட ஓலையில மூடியோட ஒரு சின்னப் பெட்டி, மூடியில பேத்தியின்ர பேரின்ர முதல் எழுத்து. செப்ரெம்பரில சொன்னாத்தான் மாரிக்கு முன்னம் ஓலை காஞ்சு வரும், மழைக்குள்ள பின்னினது பூஞ்சணம் பிடிக்கும், அனுப்ப முன்னம் ரெண்டு நாள் வெயிலில வைச்சு எடுத்தனான். பாரம் ஒண்டுமில்லை, பெட்டிக்குள்ளயே அவளுக்கு ஒரு சோடி வளையலும் வைச்சாச்சு. நத்தார் முடிஞ்சு கன நாளைக்குப் பிறகு வீடியோவில கதைக்கேக்க பாத்தன், தலை கிளிப் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ள, அவள் மூடியைத் திறந்து மணந்து பாத்து "இது அப்பம்மா வீட்டு மணம்" எண்டாள். காசு போட்ட வருசம் என்ன வேண்டினவள் எண்டு அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. லண்டன் குழந்தைக்கு மட்டும் காசுதான், அதுகள் மாசத்துக்கு மாசம் வளருதுகள், தாய்க்குத்தான் தெரியும் என்ன தேவையெண்டு.

வளந்த பிள்ளையளுக்கு நான் மினைக்கெடுறேல்லை, சீலையும் சேட்டும்தான், தீபாவளி மலிவிலயே எடுத்து வைச்சிடுவன், அளவு மாறாது, பழுதாகாது.

பெரிய பரிசு எண்டா நகையோ, வங்கிக் கணக்கோ, சயிக்கிளோ எண்டு எங்கட ஆக்கள் யோசிப்பினம். முந்தி பேரப்பிள்ளைக்கு ஒரு சின்ன மோதிரம் எண்டு கஸ்தூரியார் வீதிக்குப் போவம், இப்ப 8 கிராம் பவுன் 3 லட்சத்தைத் தாண்டினாப் பிறகு கண்ணாடிக்கு வெளியால நிண்டு பாத்துப்போட்டு வாறதுதான். கணக்கில காசு போடுறது நல்ல காரியம், ஆனா நத்தார் காலமை ஏழு வயசுப் பிள்ளையிட்ட வங்கிப் புத்தகத்தை நீட்டிப் பாருங்கோ அவன்ர முகத்தை. சயிக்கிள்தான் என்ர தெரிவு. லுமாலா மாதிரி இஞ்ச செய்யிறதை எடுத்தா ரியூப், செயின், பிறேக் கட்டை எல்லாம் எங்கட சந்திக் கடையிலயே கிடைக்கும், வெளியில இருந்து வாற வடிவான பெயின்ற் அடிச்சதுகளுக்கு ஒரு நட் தேடி அலையோணும். பெரியவனுக்கு இந்த முறை அதுதான், நவம்பரிலயே சொல்லி வைச்சாச்சு, பூட்டி முடிச்சுக் கடையிலயே நிக்கட்டும், 24 பின்னேரம் இவர் போய் எடுப்பார். வீட்டில ஒளிக்கிற கரைச்சல் இல்லை.

சப்பாத்தும் ஸ்கூல் பாக்கும் மட்டும் நான் முந்திறேல்லை. ஜனவரியில பள்ளிக்கூடம் துடங்குறதால டிசம்பர் கடைசியில கடையளில புதுச் சாமான் இறங்கும், கால் எண்டா ரெண்டு மூண்டு மாசத்தில வளந்து நிக்கும், ஒருக்கா ஒக்டோபரில வேண்டி நத்தாரண்டு குதிக்கால் ஏறாமல் பெடி அழுதுகொண்டு செருப்போட கோயிலுக்கு வந்தது. ஆளைக் கூட்டிக்கொண்டு போய், காலுறை போட்டு, எழுப்பி நிப்பாட்டி, பெருவிரலுக்கு முன்னால ஒரு விரல் இடம் விட்டு எடுக்கோணும். இப்ப எங்கட பட்டியலில மிச்சம் சின்னவன்ர சப்பாத்து ஒண்டுதான், 22 ஆம் திகதி பின்னேரம் அவனையும் ஏத்திக்கொண்டு போவம் எண்டு இருக்கிறம், மழை விட்டா.