செம்மண்ணா, கோகோபீட்டா? மூன்றாம் வருடத்துப் பையைக் கொட்டிப் பார்த்த கதை

மாடித்தோட்டக்காரர்களில் இரண்டு கட்சி உண்டு. "மண்ணே இல்லாமல் செடி எப்படிங்க?" என்பது செம்மண் கட்சி. "மாடி தாங்க வேண்டாமா?" என்பது கோகோபீட், அதாவது தென்னை நார்க்கழிவுத் தூள், போடும் கட்சி. நான் இரண்டிலும் உறுப்பினராக இருந்தவன். போன மே மாதம் தாம்பரம் மாடியில், மூன்று வருடத்துக்கு முன் ஒரே வாரத்தில் நிரப்பிய இரண்டு வகைப் பைகளையும் தார்ப்பாயில் கொட்டினேன். அன்றிலிருந்து என் கருத்து கொஞ்சம் மாறிவிட்டது.

முதலில் எடைக் கணக்கு. கோகோபீட் கட்சியின் பலமே அதுதான். 12க்கு 12 அங்குலச் செடிப்பையில் (குரோ பேக்) ஏறக்குறைய 20 லிட்டர் கலவை பிடிக்கும். முழுக்கச் செம்மண்ணாக நிரப்பித் தண்ணீரும் விட்டால் ஒரு பை சுமார் 35 கிலோ. ஒரு சதுர மீட்டரில் நான்கு பை வைத்தால் 140 கிலோ. ஆட்கள் ஏறிப் போகும் மொட்டைமாடிக்கு இந்தியத் தர விதி வைத்திருக்கும் பயன்பாட்டுச் சுமையே சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ. அப்புறம் நீங்கள் எங்கே நின்று தண்ணீர் ஊற்றுவீர்கள்? கோகோபீட்டும் மண்புழு உரமும் கலந்த பை நனைந்தாலும் இதில் பாதிகூட வராது. மாடித்தோட்டத் திட்டத்தில் அரசு கொடுத்த தொகுப்பிலும் 2 கிலோ நார்க்கழிவுக் கட்டிதான் இருந்தது, செம்மண் மூட்டை இல்லை.

முதல் வருட விளைச்சலிலும் கோகோபீட்டுக்கே வெற்றி. நாற்று சட்டென்று வேர் பிடிக்கும், களை முளைக்காது. ஆனால் கட்டியைப் பார்த்து வாங்க வேண்டும். நான் முதலில் வாங்கிய 5 கிலோ கட்டியை ஊற வைத்து அப்படியே நிரப்பினேன். கடைக்காரர் "அப்படியே போடலாம் சார்" என்றார், நானும் நம்பினேன். தக்காளி இலை நுனியெல்லாம் கருகியது. கழுவாத நார்க்கழிவில் சோடியமும் பொட்டாசியமும் உப்பாக இருக்கும். 'லோ இசி', அதாவது உப்பு குறைந்தது, என்று கேட்டு வாங்க வேண்டும், வாங்கினாலும் இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிய வேண்டும். இன்னொரு வில்லங்கமும் உண்டு. புது நார்க்கழிவு கால்சியத்தைத் தன்னிடம் பிடித்து வைத்துக்கொள்ளும். தக்காளியின் அடிப்பக்கம் கருத்து அழுகுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மட்காத நார்க்கழிவில் கரிச்சத்துக்கும் (கார்பன்) தழைச்சத்துக்கும் (நைட்ரஜன்) உள்ள விகிதம் 112க்கு 1 என்கிற அளவில் இருக்கும். சிப்பிக் காளான் வித்து போட்டு மட்க வைத்தால் 24க்கு 1 வரை இறங்கும். மட்காததைப் பையில் போட்டால் நுண்ணுயிர்கள் செடியின் தழைச்சத்தில் கை வைக்கும். ஆறாவது வாரம் செடி வெளிறி நிற்பது இதனால்தான். உடனே நாம் பஞ்சகவ்யாவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம்.

செம்மண்ணின் குணம் நேர் எதிர். முதல் வருடம் அது பாடாய்ப் படுத்தும். நம் ஊர்ச் செம்மண்ணில் தழைச்சத்தும் மட்கிய பொருளும் குறைவு. அக்கினி நட்சத்திரத்தில் செங்கல்லாக இறுகி, பையின் ஓரத்தில் விரிசல் விடும். ஊற்றும் தண்ணீர் அந்த விரிசல் வழியே இறங்கி அடியில் ஓடிவிடும், நடுவில் வேர் காய்ந்து கிடக்கும். மணல் கலந்தால் சரியாகும் என்பார்கள். ஆற்று மணல் கிடைப்பது குதிரைக்கொம்பு. பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்டில் தூள் அதிகம், அலசாமல் போட்டால் காற்றுத் துளைகள் அடைபடும். எனக்கு உதவியது உமிக்கரி. ஒரு காலத்தில் பல் தேய்த்த அதே உமிக்கரிதான். எடை இல்லை, எளிதில் மட்காது, மண்ணை இறுக விடாது.

இடையில் ஒன்று. வடிகாலுக்காகப் பையின் அடியில் ஓட்டாஞ்சில்லை அடுக்குவதை இரண்டு கட்சிக்காரரும் செய்கிறார்கள். துளை மேல் ஒரு சில்லு போதும். அடுக்காகப் போட்டால் அதன் மேலுள்ள மண் முழுக்க நனைந்து நிரம்பிய பிறகே தண்ணீர் சில்லுக்குள் இறங்கும். தேங்கும் ஈரம் வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

சரி, கொட்டிய பைகளுக்கு வருவோம். கோகோபீட் பை பாதிக்கு மேல் அமுங்கியிருந்தது. அடியில் கருப்பாகக் களி, புளித்த வாடை. ஐப்பசி கார்த்திகை மழையில் அது காயவே இல்லை. செம்மண் பையில், வருடாவருடம் மட்கிய தொழுஉரமும் உமிக்கரியும் சேர்த்து வந்ததால், மண் கையில் உதிர்ந்தது, மண்புழுவும் இருந்தது. மட்கிய பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளக் களிமண் துகள் வேண்டும். கோகோபீட்டில் அது கிடையாது. உயிருள்ள மண் என்று நாம் சொல்வது அந்தக் கூட்டணியைத்தான். கோகோபீட் அதற்கு நல்ல வாடகை வீடு, சொந்த வீடு ஆகாது.

கடையில் பத்து கிலோ, இருபது கிலோ பையாக வரும் ரெடிமேட் பாட்டிங் மிக்ஸும் பெரும்பாலும் கோகோபீட்தான், விலை மட்டும் வேறு. பால்கனியில் நாலு தொட்டி வைப்பவர் வாங்கலாம்.

அடுத்தது சத்து. எதில் வளர்த்தாலும் இங்கேதான் அதிகம் சொதப்புகிறோம். கடலைப் பிண்ணாக்கில் தழைச்சத்து ஏறக்குறைய 7 சதவீதம், வேப்பம் பிண்ணாக்கில் 4 முதல் 5. கடலைப் பிண்ணாக்கைப் பச்சையாகக் கலந்தால் சூடு கிளம்பும், எறும்பும் எலியும் வரும். வேப்பம் பிண்ணாக்கு தழைச்சத்தை நிதானமாக விடும், வேர் நூற்புழுவையும் அடக்கும். என் ஓட்டு அதற்குத்தான், பைக்கு 100 கிராம். மணிச்சத்துக்கு (பாஸ்பரஸ்) எலும்புத்தூள் 50 கிராம். சாம்பல், முட்டை ஓடு, சுண்ணாம்பு மூன்றையும் "இயற்கைதானே" என்று அள்ளிப் போடுவதுதான் தப்பு. மூன்றும் காரத்தைக் கூட்டுபவை, சென்னை போர்வெல் தண்ணீரோ பெரும்பாலும் ஏற்கெனவே காரத்தன்மை உள்ளது. காரம் ஏறினால் எலும்புத்தூள் கரையாது, இரும்பும் கிடைக்காது. நரம்பு பச்சையாக இருக்க இளம் இலை மஞ்சளானால், உரம் போதவில்லை என்று இன்னும் ஒரு பிடி சாம்பல் போடாதீர்கள்.

சாணம், கோமியம், வெல்லம் கலந்து புளிக்க வைக்கும் ஜீவாமிர்தம் நல்லதுதான். ஆனால் 200 லிட்டர் தண்ணீருக்கு 10 கிலோ சாணம் என்ற கணக்கு நிலத்துக்குச் சொன்னது. நிலத்தில் நுண்ணுயிர் கரைத்துக் கொடுக்க ஆழமான மண் இருக்கிறது. 20 லிட்டர் கோகோபீட்டில் அது எதைக் கரைக்கும்?

கடைசியில் அந்தத் தார்ப்பாயிலேயே இரண்டையும் கலந்தேன். அளவில் பத்துக்கு மூன்று பங்கு செம்மண், மூன்று பங்கு பழைய கோகோபீட், மூன்று பங்கு நன்றாக மட்கிய தொழுஉரம், ஒரு பங்கு உமிக்கரி. தொழுஉரத்தைக் கிளறி வெள்ளைப் புழுக்களைப் பொறுக்கிவிட்டு, டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைத் தூளைத் தூவி, ஈரச் சாக்கு போர்த்தி நிழலில் இரண்டு வாரம் வைத்திருந்தேன். நனைந்த பை ஒன்று 20 கிலோ சுற்றி வருகிறது. ஒரு சதுர மீட்டருக்கு நான்கு வைத்தாலும் 80 கிலோதான். இப்போது அதில் கத்தரி நிற்கிறது.