குயின் கிறிஸ்டினா (1933): கிரேட்டா கார்போவுக்காகவே பாக்கணும்

பழைய ஹாலிவுட் காதல் படம்னாலே இழுவையா இருக்கும்னு ஒதுக்குறவங்க இத ஒரு தடவ பாத்துடுங்க ப்ளீஸ். 17ஆம் நூற்றாண்டு ஸ்வீடன் ராணி, ஆம்பள வேஷத்துல சுத்துறப்போ ஸ்பெயின் தூதர சந்திச்சு காதல்ல விழுந்து கடைசில கிரீடத்தையே கழட்டி வச்சிடுறா. நெஜ கிறிஸ்டினா 1654ல பதவிய விட்டது உண்மைதான், ஆனா அதுக்கு கத்தோலிக்க மதத்துக்கு மாறுனது ஒரு பெரிய காரணம், காதல் எல்லாம் சினிமாவுக்காக சேத்தது.

ராணியா நடிச்ச கார்போவே ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோம்ல பொறந்தவங்க, அந்த ராணிங்கிற தோரணை சும்மா நிக்கும்போதே வந்துடுது. பனில மாட்டிகிட்டு சத்திரத்துல தங்குவாங்கல்ல, அங்க அவங்க மெதுவா ரூம சுத்தி வந்து ராட்டை, செவுரு, தலகாணின்னு ஒவ்வொண்ணா தொட்டு தடவி பாப்பாங்க, அந்த தூதர் என்ன பண்றேன்னு கேட்டா இந்த ரூம மனப்பாடம் பண்றேன்ம்பாங்க, அப்பப்பா என்ன நடிப்பு! டைரக்டர் மமூலியன் இந்த சீன மெட்ரோனோம் (ஒரே சீரா டிக் டிக்னு தாளம் போடுற கருவி) தாளத்துக்கு எடுத்தாராம். கிளைமாக்ஸ் க்ளோசப்புக்கு முகத்துல எதுவுமே காட்டாதன்னு சொன்னதும் அவர்தான்.

தர்பார் சீன் எல்லாம் கொஞ்சம் நீளம், பேசிட்டே இருக்காங்க. ஹீரோ ஜான் கில்பர்ட் சைலன்ட் பட காலத்துல பெரிய ஸ்டார், பேசும்படம் வந்ததும் மார்க்கெட் போயிடுச்சு, அவரே வேணும்னு கார்போ பிடிவாதமா நின்னாங்க. அவங்க மேல மரியாத இன்னும் கூடுனது அதுலதான்.