டெவலப்பரின் காட்டம் எவ்வளவு என்று எழுதாத ப்ளீச் கிட்டை வாங்காதீர்கள்

வீட்டிலேயே முடியை ப்ளீச் செய்ய ஆன்லைனில் கிட் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு விற்பனையாளர் அனுப்பிய பெட்டியால் என் தலைத்தோலில் கொப்புளம் வந்தது. காதுக்கு மேலே ஒரு பக்கம் முடி பாதியிலேயே அறுந்துபோனது. அந்த வலி ஆறிவிட்டது. ஆனால் நேராகக் கேட்ட கேள்விக்குப் பொய் சொன்னார்களே, அந்தக் கோபம் ஆறவில்லை.

பெட்டியில் ஒரு பாக்கெட் நீல நிறப் பவுடரும் ஒரு பாட்டில் வெள்ளை கிரீமும் இருந்தன. கூடவே கையுறை, பிரஷ், பிளாஸ்டிக் தொப்பி, ஒரு துண்டுச்சீட்டு. பவுடர்தான் ப்ளீச், கிரீம்தான் டெவலப்பர், அதாவது ஹைட்ரஜன் பெராக்சைடு. இந்த டெவலப்பர் எவ்வளவு காட்டமானது என்பதுதான் முதலில் தெரிய வேண்டிய விஷயம். 10 வால்யூம் என்றால் 3 சதவீதப் பெராக்சைடு. 20 என்றால் 6 சதவீதம், 30 என்றால் 9, 40 என்றால் 12. ஐரோப்பிய ஒன்றியத்தின் அழகுசாதன விதிகளில் முடிக்கான பொருட்களுக்கு உச்ச வரம்பே 12 சதவீதம்தான். அப்படியானால் 40 வால்யூம் என்பது அந்த வரம்பைத் தொட்டு நிற்கும் சரக்கு. வீட்டில் பூசுகிறவர்கள் 20 வால்யூமைத் தாண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

என் பாட்டிலில் எந்த எண்ணும் இல்லை. அதனால் பிரிப்பதற்கு முன்பே விற்பனையாளரிடம் சாட்டில் கேட்டேன். "20 வால்யூம்தான் மேடம், பயப்படாம போடுங்க" என்று பதில் வந்தது. ஒரு சிறு கற்றையில் முதலில் போட்டுப் பார்க்கவா என்றும் கேட்டேன். "தேவையே இல்லை, எல்லா முடிக்கும் பொருந்தும்" என்றார்கள். துண்டுச்சீட்டிலும் அதே வரி அச்சாகியிருந்தது. பூசிய பின் பிளாஸ்டிக் தொப்பி போட்டு, டிரையரால் சூடு காட்டி, 60 நிமிடம் விடச் சொல்லியிருந்தது. டிரையரை நான் எடுக்கவில்லை. தொப்பி மட்டும் போட்டிருந்தேன்.

தங்கைதான் பூசிவிட்டாள். கொஞ்ச நேரத்திலேயே குறுகுறுப்பு தொடங்கி, அப்புறம் தீ பட்டது போல எரிந்தது. தொப்பியைத் தொட்டால் உள்ளே சூடாக இருந்தது. உடனே வெதுவெதுப்பான தண்ணீரில் நிறைய நேரம் அலசினோம். அலசும்போதே முடி ரப்பர் மாதிரி இழுபட்டு, கையோடு வந்தது. தோல் மருத்துவர் பார்த்துவிட்டு, ரசாயனத்தால் ஏற்பட்ட புண் என்றார்.

படங்களோடு விற்பனையாளருக்கு எழுதினேன். முதலில், "உங்கள் முடி பலவீனமாக இருந்திருக்கும்." அடுத்து, "திறந்த பொருளைத் திரும்பப் பெற மாட்டோம்." நான் விடாமல் கேட்டதும் வேறு ஒருவர் வந்து எழுதியது இது: "40 வால்யூம் தொழில்முறைப் பொருள், வீட்டில் பயன்படுத்தினால் நாங்கள் பொறுப்பல்ல." விற்கும்போது 20, புகார் சொன்னால் 40! அந்த இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது கை நடுங்கியது. வீட்டு உபயோகத்துக்கு என்று பெட்டியின் முகப்பில் போட்டு விற்றவர்கள் இவர்கள்தான்.

பெட்டியில் இருந்த மற்ற வாசகங்களையும் அப்புறம் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். முகப்பில் "அம்மோனியா இல்லை" என்று பெரிதாக இருக்கிறது. பக்கவாட்டில் பொடி எழுத்தில் அம்மோனியம் பெர்சல்பேட். ப்ளீச் பவுடரில் காரப் பொருளும் இருக்கும், அது ஈரத்தில் அம்மோனியம் பெர்சல்பேட்டோடு சேர்ந்தால் அம்மோனியா வெளியே வரத்தான் செய்யும். கலக்கும்போதே மூக்கில் ஏறிய நெடி அதுதான். பெர்சல்பேட்டுகள் ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியவை, சிலருக்குக் கடும் ஒவ்வாமையும் வரும். எனவே இழுப்புத் தொல்லை உள்ளவர்கள் இந்தப் பவுடர் பக்கமே போக வேண்டாம். மற்றவர்களும் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் கலக்க வேண்டும்.

"மருதாணி போட்ட முடிக்கும் ஏற்றது" என்ற வாசகம் இதைவிட மோசம். சுத்தமான மருதாணி இலைப்பொடி வேறு. மருதாணி என்ற பெயரில் வரும் சில கலவைகளிலும், நரையைச் சிறிது சிறிதாகக் கருக்கும் சில சாயங்களிலும் ஈயம், செம்பு, வெள்ளி போன்றவற்றின் உப்புகள் இருக்கும். அவை பெராக்சைடோடு சேர்ந்தால் தலையிலேயே கடும் சூடு கிளம்பி முடி வெந்துபோகும். என் முடியில் எந்தச் சாயமும் இல்லை. இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. முன்பு என்ன போட்டோம் என்று உறுதியாகத் தெரியாதவர்கள், சீப்பில் உதிர்ந்த முடியைக் கொஞ்சம் சேர்த்து, ப்ளீச் கலவையில் போட்டுப் பாருங்கள். சூடேறினாலோ, புகைந்தாலோ, நிறம் விசித்திரமாக மாறினாலோ அதோடு விட்டுவிடுங்கள்.

"ஒரே தடவையில் கருப்பிலிருந்து பொன்னிறம்" என்பதையும் நம்பாதீர்கள். கருமுடியின் நிறமி கரையும்போது சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று படிப்படியாகத்தான் வெளுக்கும். ஆரஞ்சில் நிற்கிறதே என்று அதே நாளில் மறுபடியும் பூசினால், முடிக்கு உறுதி தரும் கந்தகப் பிணைப்புகள் உடைந்துபோகும். எந்தக் கண்டிஷனரும் முடியைப் பழையபடி ஆக்காது. அவ்வளவு வெளுப்பு வேண்டும் என்றால் வாரக்கணக்கில் இடைவெளி விட்டுத்தான் செய்ய வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் வீட்டில் செய்யத்தான் போகிறேன் என்பவர்களுக்கு: சதவீதமோ வால்யூமோ பாட்டிலிலேயே அச்சாகியிருக்க வேண்டும், விற்பவர் வாயால் சொல்வது கணக்கில்லை. கலவையைக் காதுக்குப் பின்னால் துளி தடவி 48 மணி நேரம் பாருங்கள். உள்பக்கக் கற்றை ஒன்றில் போட்டு, எத்தனை நிமிடத்தில் எந்த நிறம் வருகிறது, ஈரத்தில் இழுத்தால் அறுகிறதா என்றும் பாருங்கள். தலையில் கீறலோ புண்ணோ இருந்தால் தள்ளிப்போடுங்கள். உடல் சூட்டில் வேர்ப்பகுதி சீக்கிரம் வெளுக்கும் என்பதால் நடுமுடியில் தொடங்கி வேரைக் கடைசிக்கு விடுங்கள். உலோகக் கிண்ணம் வேண்டாம். மிச்சக் கலவையை மூடி வைக்காதீர்கள், வாயு சேர்ந்து டப்பா வெடிக்கலாம். டிரையர் சூடு கூடவே கூடாது. எரிந்தால், நேரம் முடியாவிட்டாலும் அலசிவிடுங்கள். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவி, உடனே மருத்துவரிடம் போங்கள். இழுப்பு வந்தாலோ முகம் வீங்கினாலோ அவசரச் சிகிச்சைதான்.

விற்பனைத் தளத்தில் புகார் கொடுத்தேன். சாட் படங்கள், பெட்டியின் எல்லாப் பக்கப் படங்கள், மருத்துவரின் சீட்டு எல்லாம் சேர்த்து அனுப்பியதால்தான் பணம் திரும்பி வந்தது, அந்தக் கிட்டின் விற்பனைப் பக்கமும் நீக்கப்பட்டது. ஆனால் அதே நீலப் பவுடரும் எண் இல்லாத அதே வெள்ளை பாட்டிலும் இப்போது வேறு பெயரில் விற்பனைக்கு வந்திருக்கின்றன. துண்டுச்சீட்டின் படத்தில் "சோதனை தேவையில்லை" என்ற வரி அப்படியே இருக்கிறது. அதைப் பார்த்தால் வாங்காதீர்கள், அந்தப் பக்கத்தின் மீது நீங்களும் ஒரு புகார் போடுங்கள்.