பழைய வாட்சா, கிரே மார்க்கெட் புதுசா?

கிரே மார்க்கெட் வாட்ச் போலி அல்ல; கம்பெனி அங்கீகரித்த கடைக்கு வெளியே கைமாறும் அசல். மெதுவாக விற்கும் மாடல் பட்டியல் விலைக்குக் கீழே கிடைக்கும். ஸ்டீல் ரோலெக்ஸ் டேடோனா மாதிரி ஆள் காத்துக்கிடக்கும் மாடலுக்கோ கூடுதலாகவே கேட்பார்கள். ரோலெக்ஸின் 5 ஆண்டு வாரண்டி முதல் விற்பனைத் தேதியிலிருந்தே ஓடத் தொடங்கும். அதனால் வாரண்டி அட்டையில் உள்ள தேதியைப் பாருங்கள். சுங்கவரி கட்டிய பில் இல்லையென்றால் நான் தொடவே மாட்டேன்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் ஒரு பழைய சுவிஸ் வாட்ச் அகப்பட்டால் கதை வேறு. பில், பெட்டி எதுவும் இருக்காது, வாட்ச்தான் சாட்சி. ஃபாவ்ர்-லூபா என்ற சுவிஸ் கம்பெனியின் பழைய வாட்சில் டயல் பளபளவென்று இருந்தால் சந்தேகப்படுங்கள், மறுபடி பெயிண்ட் அடித்ததாக இருக்கலாம். சேகரிப்பவர்களிடம் அதற்கு மதிப்புக் குறைவு. எழுத்து கோணலா, முள் அந்த மாடலுக்கு உரியதா என்று லென்ஸில் பாருங்கள். அப்புறம் பின்மூடியைத் திறந்து மெஷினைக் காட்டச் சொல்லுங்கள். திறக்க மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். சர்வீஸ் செலவையும் விலையோடு சேர்த்தே பேரம் பேசுங்கள்.

சில ஆயிரங்களுக்குள் என்றால் என் ஓட்டு காரைக்குடிக்குத்தான்: கடைக்காரரை நேரில் போய்க் கேட்க முடியும். லட்சக்கணக்கில் போனால், பில்லும் வாரண்டியும் சரியாக இருக்கும் கிரே மார்க்கெட் புதுசு.