14-ஆவது ஆள் யார்? வயர்லெஸ் நெட்வொர்க் வாட்சருடன் ஒரு மாதம்

வீட்டிலிருந்தே மெய்ப்புப் பார்க்கும் வேலை என்னுடையது. இரவு ஒன்பதரைக்கு மேல்தான் பதிப்பகத்துக்காரர்களோடு வீடியோவில் உட்கார்ந்து திருத்தங்களைப் பேசுவோம். இரண்டு மாதமாக அந்த நேரம் பார்த்து எதிரில் இருப்பவர் முகம் வாய் திறந்தபடியே உறைந்து நின்றுவிடும். இணைப்பு கொடுத்த நிறுவனத்துக்குப் போன் செய்தேன். "லைன் கரெக்டா இருக்கு மேடம். வீட்ல எத்தனை பேர் யூஸ் பண்றீங்க?" என்று கேட்டுவிட்டு, பெரிய பிளானுக்கு மாறச் சொன்னார்கள். பிளானை மாற்றவில்லை. ஆனால் அந்தக் கேள்வி மனதில் தங்கிவிட்டது. நான், அவர், பையன் என்று மூன்று பேர். மூன்றே பேர்தானா?

முதலில் போனில் ஒரு ஆப் போட்டுப் பார்த்தேன். பெயர் வேண்டாம். லொகேஷன் அனுமதி கேட்டது, கொடுத்தேன். (ஆண்ட்ராய்டில் வைஃபையின் பெயரைப் படிக்கவே அந்த அனுமதி வேண்டும், அதனால் அதில் தப்பில்லை.) உடனே சிவப்பு எழுத்தில் "உங்கள் நெட்வொர்க் ஆபத்தில் இருக்கிறது" என்றது. என்ன ஆபத்து என்று தெரிந்துகொள்ள சந்தா கட்டச் சொன்னது. அழித்துவிட்டேன்.

அப்புறம் கிடைத்ததுதான் நிர்சாஃப்ட்டின் வயர்லெஸ் நெட்வொர்க் வாட்சர். நிர் சோஃபர் என்பவர் தனி ஆளாக எழுதி இலவசமாகத் தரும் சிறு கருவிகளில் இதுவும் ஒன்று. விண்டோஸில் மட்டும் ஓடும். இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை, ஜிப்பைப் பிரித்து இரண்டு தட்டு தட்டினால் போதும். பார்க்க அழகாக இருக்காது. பழைய கணக்குத்தாள் மாதிரி கட்டங்கள், அவ்வளவுதான். விளம்பரம் இல்லை, பயமுறுத்தல் இல்லை. எனக்கு அதுவே பிடித்தது.

அது செய்யும் வேலை பள்ளிக்கூட வருகைப்பதிவு மாதிரி. வீட்டு நெட்வொர்க்கில் உள்ள எண்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடும். அந்த எண்ணை வைத்திருக்கும் கருவி "உள்ளேன் ஐயா" என்று சொல்லியாக வேண்டும். பதில் வந்ததும் அதன் ஐபி எண் (கூப்பிட்ட அந்த எண்தான்), மேக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்), பெயர் (இருந்தால்), தயாரித்த கம்பெனி, முதலில் பார்த்த நேரம், கடைசியாகப் பார்த்த நேரம் எல்லாம் ஒரு வரியில் வந்துவிடும். நம் கம்ப்யூட்டர் எது, ரூட்டர் எது என்பதையும் அதுவே குறித்துவிடும்.

சில விநாடிகளில் 14 வரிகள் வந்து நின்றன. எனக்கு அடிவயிறு கலங்கியது. மூன்று பேர் இருக்கும் வீட்டில் பதினான்கா?

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ரூட்டர், என் லேப்டாப், டிவி, பிரிண்டர் நான்கும் உடனே தெரிந்துவிட்டன. அடுத்து மூன்று வரிகளில் எஸ்பிரசிஃப் என்று ஒரு கம்பெனிப் பெயர். கேள்விப்பட்டதே இல்லை. யாரோ வெளியிலிருந்து ஊடுருவிவிட்டார்கள் என்றே நினைத்துவிட்டேன். தேடிப் பார்த்தால், ஸ்மார்ட் பல்புக்கும் பிளக்குக்கும் உள்ளே இருக்கும் வைஃபை சில்லைச் செய்யும் சீனக் கம்பெனி அது. பல்பின் பெட்டியில் இருக்கும் பிராண்டு வேறு, உள்ளே இருக்கும் சில்லின் கம்பெனி வேறு. இந்தப் பட்டியல் உள்ளே இருப்பதைத்தான் சொல்கிறது. என் வீட்டில் இரண்டு பல்பு, ஒரு பிளக். கணக்கு சரி. ஹான் ஹாய் என்று இன்னொரு வரி. அது ஃபாக்ஸ்கானின் இன்னொரு பெயராம். அவருடைய ஆபீஸ் லேப்டாப்பில் இருக்கும் வைஃபை கார்டு. முதல் முறை பார்ப்பவர்கள் பயப்படுவது பெரும்பாலும் இப்படித் தெரியாத கம்பெனிப் பெயர்களைப் பார்த்துத்தான்.

போன்கள்தான் பாடாய்ப் படுத்தின. மேக் முகவரி என்பது ஆறு ஜோடி எழுத்துகள். முதல் மூன்று ஜோடியை வைத்துத்தான் கம்பெனியைக் கண்டுபிடிக்கிறார்கள். ஆனால் ஆண்ட்ராய்டு 10 முதலும், ஐபோனில் ஐஓஎஸ் 14 முதலும், போன் தன் நிஜ முகவரியைச் சொல்லாமல் ஒரு புனைபெயரோடுதான் இணைகிறது. அதனால் கம்பெனிக் கட்டம் காலியாக இருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. முதல் ஜோடியில் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ (A), இ (E) இந்த நான்கில் ஒன்றாக இருந்தால் அது புனைபெயர். என் பட்டியலில் அப்படி ஐந்து இருந்தன. ஒவ்வொரு போனிலும் வைஃபை அமைப்புக்குள் போய், இந்த நெட்வொர்க்குக்கு அது சொல்லும் முகவரியைப் பார்த்து நோட்டில் எழுதினேன். என் போன், அவர் போன், பையன் போன், டேப்லெட். நான்கு கிடைத்தன. இவை தவிர, மாடிக்கு வைஃபையை நீட்ட வைத்திருக்கும் எக்ஸ்டெண்டர் ஒன்று. ஆக 13.

மிச்சம் ஒன்று. பெயர் இல்லை, கம்பெனி இல்லை. முகவரி "டிஏ" (DA) என்று ஆரம்பித்தது.

பையனைக் கூப்பிட்டேன். "யாருக்காவது வைஃபை பாஸ்வேர்டு சொன்னியா?"

"சத்தியமா சொல்லலம்மா."

இந்த இடத்தில்தான் இந்தக் கருவி மற்றதை விட உசத்தி. பின்னணியில் ஓடவிடலாம். புதிதாக ஏதாவது உள்ளே வந்தால் பீப் அடிக்கும்படி வைக்கலாம். ஒவ்வொரு வரிக்கும் நாமே ஒரு பெயர் எழுதி வைக்கலாம், அடுத்த முறை அது மறக்காது. நான் "மாடி பல்பு", "அவர் ஆபீஸ்" என்று எழுதி வைத்தேன், 14-ஆவதற்கு "யார் நீ". இது முக்கியம், ஏனென்றால் ஒரே ஒரு முறை பார்ப்பதில் பயனில்லை. தூங்கிக்கொண்டிருக்கும் போன் சில நேரம் கூப்பிட்டதும் பதில் சொல்லாது. ஒரு வாரம் ஓடவிட்டேன். "யார் நீ" தினமும் ஒன்பதே முக்காலுக்கு வந்தது, பதினொன்றுக்குள் போனது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மத்தியானமே வந்தது.

இந்த ஆள் யார் என்று எந்தக் கருவியும் சொல்லாது. அது ஒரு எண்ணைக் காட்டும், அதன் பின்னால் இருக்கும் முகத்தை நாம்தான் தேட வேண்டும். வெளியேற்றவும் இதால் முடியாது. அதற்கு ரூட்டர் பக்கத்துக்குத்தான் போக வேண்டும். பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடித்தால் பெரும்பாலும் திறக்கும். அங்கே இருந்த பட்டியலில் 17 கருவிகள்! மறுபடி பதறாதீர்கள். ரூட்டர் ஒருவருக்குக் கொடுத்த எண்ணை, அவர் போன பிறகும் தவணை முடியும்வரை பட்டியலில் வைத்திருக்கும். பல ரூட்டர்களில் அது ஒரு நாள். முந்தின நாள் வந்துபோன விருந்தாளிகளின் போன்கள்தான் கூடுதலாக இருந்தவை.

"டிஏ"வை மட்டும் பிளாக் செய்தேன். இது பலமான பூட்டு இல்லை, தெரியும். போனில் அந்தப் புனைபெயரை மாற்றிக்கொண்டால் திரும்ப வந்துவிடலாம். எனக்குப் பூட்டு வேண்டியிருக்கவில்லை, யார் வந்து கதவைத் தட்டுகிறார்கள் என்று பார்க்கத்தான் ஆசை.

மறுநாள் காலை ஏழரை. பக்கத்து வீட்டுப் பையன், பத்தாவது படிக்கிறவன், கேட்டருகே நின்றுகொண்டு ரொம்ப அக்கறையாகக் கேட்டான்: "ஆன்ட்டி, உங்க வீட்ல நெட் கட் ஆயிடுச்சா?"

நான் என் பையனைத் திரும்பிப் பார்த்தேன்.

"பாஸ்வேர்டு சொல்லலம்மா" என்றான். "கட்டத்தைத்தான் காட்டினேன்."

ஆண்ட்ராய்டு போனில் வைஃபையைப் பகிர ஒரு கியூஆர் கட்டம் வரும். அதைக் கேமராவில் காட்டினால் வேலை முடிந்தது. 22 எழுத்தில் நான் வைத்த பாஸ்வேர்டு எந்த மூலையில் போய் நின்றது பாருங்கள். பழைய ரூட்டர்களில் டபிள்யூபிஎஸ் என்று, பாஸ்வேர்டு அடிக்காமலே இணைக்க ஒரு வசதி உண்டு; அதன் பின் எண்ணை அதிகபட்சம் 11,000 முயற்சியில் உடைக்கலாம் என்று 2011-லேயே வெளிவந்துவிட்டது. அதைப் படித்துவிட்டு அந்த வசதியை எப்போதோ அணைத்து வைத்திருந்தேன். கொல்லைப்புறத்துக்கு அத்தனை காவல் போட்டுவிட்டு வாசலைத் திறந்து வைத்திருக்கிறேன்.

சரி, திருடன் அகப்பட்டான், இனி வீடியோ சரியாகிவிடும் என்று அன்று இரவு உட்கார்ந்தேன். பத்து மணிக்கு மறுபடி முகம் உறைந்தது.

இந்தக் கருவியில் எனக்குள்ள ஒரே பெரிய குறை இதுதான். யார் உள்ளே இருக்கிறார்கள் என்று சொல்லும், யார் எவ்வளவு இழுக்கிறார்கள் என்று சொல்லாது. அதையும் ரூட்டர் பக்கத்தில்தான் தேட வேண்டியிருந்தது. என் ரூட்டரில் கருவி வாரியாகக் கணக்குக் காட்டும் பகுதி இருந்தது, எல்லா ரூட்டரிலும் இருக்காது. பார்த்தால் "அவர் ஆபீஸ்". தினமும் இரவு பத்து மணிக்கு முழு லேப்டாப்பையும் கிளவுடுக்கு பேக்கப் எடுக்கும்படி வைத்திருக்கிறார். மேலே ஏற்றும் பாதை மொத்தமும் அதற்கே போய்விடுகிறது. என் குரலும் முகமும் போக வேண்டியதும் அதே பாதையில்தான். அது அடைபட்டால் எதிரிலிருந்து வரும் படமும் தடுமாறும். அந்தப் பிள்ளை பாவம், பாடம் சம்பந்தமாக ஏதோ பார்த்திருக்கிறான். இத்தனை நாளாக அவன்மேல் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில், திருடர் என் எதிரில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

"ராத்திரி பத்துக்கு எதுக்குங்க பேக்கப்?" என்றேன்.

"அந்த நேரத்துல யாரும் நெட் யூஸ் பண்ண மாட்டாங்கன்னுதான்" என்றார்.

பேக்கப் இப்போது விடிகாலை மூன்று மணிக்கு. பாஸ்வேர்டை மாற்றினேன். ரூட்டர் போக மற்ற 12 கருவிகளிலும் மறுபடி போட அரைநாள் ஆனது. அந்தப் பல்புகளைத் திரும்பச் சேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பக்கத்து வீட்டம்மாவிடம் பேசிவிட்டு, அந்த வீட்டுப் பையனுக்கு ரூட்டரில் தனியாக கெஸ்ட் நெட்வொர்க் திறந்துவிட்டேன். இரவு ஒன்பது முதல் பதினொன்று வரை மட்டும்.

கெஸ்ட் நெட்வொர்க்கில் இருப்பவர்களை இந்தக் கருவி பார்க்காது. எந்த நெட்வொர்க்கில் நம் கம்ப்யூட்டர் இருக்கிறதோ, அதை மட்டும்தான் கூப்பிடும். ஆகவே என் பட்டியலில் இப்போது சரியாக 13 வரிகள். நேற்றிரவு ஒரு பீப் அடித்தது. எழுந்து ஓடிப் போய்ப் பார்த்தேன். அவர் புதிதாக வாங்கிக் கட்டியிருக்கும் கைக்கடிகாரம்.